ஏற்புத்தன்மை

ஒரு பொருளோ உயிரோ வெளியிலிருந்து வரும் தூண்டலுக்கு எந்த அளவு ஆட்படும் என்பதைக் குறிக்கும் அறிவியல் கருத்து. இயற்பியலில் எண்ணாகவும், நோயியலில் பெரும்பாலும் தரநிலையாகவும் சொல்லப்படும்.

பிஸ்மத் காந்தத்தால் விலக்கப்படுவதை ஃபாரடே 1845இல் காட்டினார்; அத்தகைய பொருள்களின் காந்த ஏற்புத்திறன் எதிர்க்குறி பெறும். வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், படிகங்களில் அது திசைக்குத் திசை மாறுவதை 1930களின் தொடக்கத்தில் டாக்காவில் அளந்தார். மருத்துவத்தில், ஒரு பாக்டீரியா எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று பார்க்கும் சோதனையும் இதைச் சார்ந்ததே.

பயிர் நோயியலில் இக்கருத்து நெடுங்காலம் சோதிக்கப்பட்டுவரும் இடங்களுள் ஒன்று, புதுக்கோட்டை மாவட்டம் வம்பனில் உள்ள தேசிய பயறுவகை ஆராய்ச்சி மையம். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இம்மையம் 1980களில் தொடங்கப்பட்டது. இங்கு முதன்மையான எதிரி உளுந்தைத் தாக்கும் மஞ்சள் தேமல் நோய். வெள்ளை ஈ பரப்பும் வைரஸால் இளந்தளிரில் மஞ்சள் புள்ளிகள் தோன்றி, இலை முழுதும் வெளிறி, காய் சிறுத்துப்போகும்.

இரகங்களைத் தெரிவுசெய்யும் வயலில், நோய்க்கு எளிதில் ஆளாகும் கோ 5 போன்ற ஓர் இரகத்தை இடையிடையே வேண்டுமென்றே விதைப்பார்கள். அந்த வரிசை மஞ்சளித்தால்தான் நோய் வந்தது உறுதி. பக்கத்தில் பச்சையாக நிற்கும் செடி எதிர்த்து நின்றதா, ஈ உட்காராமல் தப்பியதா என்பதையும் அப்போதுதான் பிரித்தறியலாம். பாதிப்பை 1 முதல் 9 வரை மதிப்பிடுவர். விளைச்சலுக்கு உதவாத அந்த வரிசையே வயலின் அளவுகோல். காந்தப்புலத்தில் வைக்காமல் படிகத்தின் ஏற்புத்திறனை அறிய முடியாததுபோல, நோய் வராத பருவத்தில் எந்த இரகத்தின் தன்மையும் வெளிப்படாது.

எதிர்ப்புத்தன்மை மரபுவழி வரும் விதத்தில் கருத்தொற்றுமை இல்லை. ஒடுங்கு மரபணு ஒன்று என்றும், இரண்டு என்றும், ஓங்கு மரபணு என்றும் வெவ்வேறு ஆய்வுகள் கூறுகின்றன. வடக்கிலும் தெற்கிலும் மிகுதியாகக் காணப்படும் வைரஸ் இனங்கள் வேறு என்பதால், ஓரிடத்தில் தாங்கிய இரகம் மற்றோரிடத்தில் தாங்காமல் போகலாம். விதைவழியும் நோய் பரவுகிறதா என்பது விவாதத்துக்குரியது.

இம்மையத்தின் வம்பன் 8 உளுந்து இரகம் 2016இல் வெளியானது. அதன்பின் வம்பன் 10, வம்பன் 11 ஆகியவை வந்துள்ளன. மரபணுக் குறிப்பான்களைக் கொண்டு தெரிவுசெய்யும் முறையும் கையாளப்படுகிறது.