மாருதி 800 எஞ்சினும் நம் பழைய பழக்கங்களும்

மாணவச் செல்வங்களுக்கும் உறவுகளுக்கும் இந்த வாரமும் கொஞ்சம் நீளமான பதிவுதான். டீயை வைத்துக்கொண்டு நிதானமாகப் படியுங்கள்.

போன முறை அம்பாசடர் பற்றி எழுதியதும் பலர் மாருதி 800 பற்றிக் கேட்டிருந்தீர்கள். "சார், அப்பா வாங்கிய 800 இன்னும் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. அந்த எஞ்சினே வீக், சூடானால் போச்சு என்று மெக்கானிக் சொல்கிறார். எடைக்குப் போட்டுவிடலாமா?" என்று இரண்டு மூன்று பேர் தனியாகவும் எழுதியிருந்தார்கள். அந்த எஞ்சின் எங்கிருந்து வந்தது, நாம் அதை எப்படி நடத்தினோம் என்று தெரிந்தால்தான் இதற்கு நியாயமான பதில் சொல்ல முடியும்.

மக்களுக்கு ஒரு சின்னக் கார் என்ற கனவோடு சஞ்சய் காந்தி 1971-ல் மாருதி நிறுவனத்தைத் தொடங்கினார். அந்தக் கார் சந்தைக்கு வரவே இல்லை. 1980-ல் அவர் விமான விபத்தில் இறந்த பிறகு, அரசு அந்த நிறுவனத்தை எடுத்துக்கொண்டு 1981-ல் மாருதி உத்யோக் என்று புதிதாக ஆரம்பித்தது. அதை நடத்தும் பொறுப்பு வி. கிருஷ்ணமூர்த்தியிடம் வந்தது. நம்ம ஊர்க்காரர், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்துக் கருவேலியில் பிறந்தவர். பெல் நிறுவனத்தின் தலைவராக இருந்தவர். உலகத்துப் பெரிய கம்பெனிகள் பலவற்றோடும் பேசிப் பார்த்து, கடைசியில் ஜப்பானின் சுசுகியோடு 1982 அக்டோபரில் ஒப்பந்தம் ஆனது. 1983 டிசம்பர் 14 அன்று முதல் காரின் சாவியைப் பிரதமர் இந்திரா காந்தி கொடுத்தார். அன்றைய விலை 47,500 ரூபாய்.

இப்போது பானெட்டைத் திறப்போம். உள்ளே இருப்பது சுசுகியின் எஃப்8பி எஞ்சின். ஜப்பானில் சின்னக் கார்களுக்கென்று தனி வரிச் சலுகை உண்டு. அதற்கு அன்றைக்கு எஞ்சின் 550 சிசிக்குள் இருக்க வேண்டும். அதனால் அவர்கள் ஊரில் ஓடியது 543 சிசி. வெளிநாட்டுக்குப் போகும் வண்டிகளுக்கு அதே குடும்பத்தில் பெரிய எஞ்சினைப் பொருத்தினார்கள். நமக்கு வந்தது அதுதான். சிலிண்டர் விட்டம் 68.5 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 72 மில்லிமீட்டர், சிலிண்டர் 3. கணக்குப் புலிகள் பெருக்கிப் பாருங்கள், 796 கன சென்டிமீட்டர் வரும். அதைத்தான் 800 என்று சொன்னார்கள்.

சக்தி சுமார் 39 குதிரைத் திறன். அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினுக்குச் சுமார் 50. இதைப் பார்த்துத்தான் "தையல் மிஷின் எஞ்சின்" என்று கேலி செய்தார்கள். ஆனால் எடையையும் சேர்த்துப் பாருங்கள். அம்பாசடர் 1,100 கிலோவுக்கு மேல். மாருதி சுமார் 650 கிலோ. ஒரு குதிரைத் திறன் இழுக்க வேண்டிய எடை அம்பாசடரில் 22 கிலோவுக்கு மேல், மாருதியில் ஏறக்குறைய 17 கிலோ. சிக்னலில் மாருதி முந்திக்கொண்டு போனதில் மாயமந்திரம் எதுவும் இல்லை.

எஞ்சினைக் குறுக்கே வைத்து முன்சக்கரத்தை ஓட்டினார்கள். வால்வுகளைத் திறக்கும் கேம் தண்டு தலையின் மேலேயே உட்கார்ந்திருக்கும். அதைச் சுற்றுவது இரும்புச் சங்கிலி அல்ல, பல் வைத்த ரப்பர் பெல்ட். சிலிண்டர் தலை அலுமினியம். ரேடியேட்டர் விசிறி மின்சாரத்தில் ஓடும். தண்ணீர் சூடானதும் ஒரு சுவிட்ச் அதைத் தானாகப் போடும். கூலன்ட் ஊற்ற பக்கத்திலேயே ஒரு சின்ன டப்பா.

இதில் எதுவுமே அன்றைக்கு நம் மெக்கானிக்குகளுக்குப் பழக்கம் இல்லை. அம்பாசடர், பத்மினி, நம் சென்னைப் பக்கம் வண்டலூரில் செய்த ஸ்டாண்டர்டு என்று பழைய எஞ்சின்களில்தான் அவர்கள் கை தேறியிருந்தது. அவை கனமானவை, எவ்வளவோ பொறுத்துப்போனவை. அந்தக் கையோடுதான் இதையும் தொட்டார்கள். மாருதி எஞ்சினின் புகார்ப் பட்டியலில் பெரும்பகுதி அங்கே தொடங்கியது என்பது என் கருத்து.

முதல் புகார் சூடாவது. எட்டாம் வகுப்பில், வெப்பத்தால் திடப்பொருள் விரியும் என்பதற்கு மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டா போடுவதைச் சொல்வேனே, நினைவிருக்கிறதா? இரும்பைவிட அலுமினியம் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். ஒரு அடி நீள அலுமினியத் துண்டு 80 டிகிரி சூடேறினால் அரை மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இரும்பு அதில் பாதிதான். தலை அலுமினியம், அதை இறுக்கிப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் எஃகு. அளவான சூட்டில் இது ஒத்துப்போகும்படிதான் செய்திருக்கிறார்கள். அளவு மீறினால் தலை நெளியும், கேஸ்கெட் பிய்யும், தண்ணீரும் ஆயிலும் கலந்து பால் டீ நிறத்தில் வரும். பிறகு லேத் பட்டறையில் கொடுத்து முகத்தைச் சமன் செய்ய வேண்டியதுதான்.

அளவு மீறியது எதனால்? கூலன்ட்டுக்குப் பதில் போர் தண்ணீர் ஊற்றினோம். வீட்டுப் பாத்திரத்தில் படிகிற அதே உப்பு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்தது. விசிறி சுவிட்ச் பழுதானதைக் கவனிக்கவில்லை. மலைப்பாதையில் அம்பாசடரை நிறுத்தித் தண்ணீர் ஊற்றுகிற வழக்கப்படியே, கொதிக்கிற மாருதியிலும் பச்சைத் தண்ணீரை ஊற்றினோம். கனத்த இரும்பு பொறுத்துக்கொண்டதை அலுமினியம் பொறுக்கவில்லை.

இன்னொன்று தெர்மோஸ்டாட். எஞ்சின் வேலை செய்கிற சூட்டுக்கு வரும்வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுக்கும் சின்னக் கதவு அது. "நம்ம ஊர் வெயிலுக்கு இது எதுக்கு?" என்று பல பட்டறைகளில் அதைக் கழற்றிப் போட்டுவிடுவார்கள். நான் பழைய 800 ஒன்று வாங்கியபோது, ஒரு பட்டறையில் என்னைக் கேட்காமலே கழற்றிவிட்டார்கள். வண்டி பெட்ரோல் குடிக்க ஆரம்பித்தது. காலையில் சோக்கை இழுத்துக்கொண்டே நெடுநேரம் ஓட்ட வேண்டியிருந்தது. குளிர்ந்த எஞ்சினுக்குக் கூடுதல் பெட்ரோல் வேண்டும். அதில் எரியாமல் மிஞ்சுவது சிலிண்டர் சுவரிலுள்ள ஆயிலைக் கழுவிவிடும். புதிய தெர்மோஸ்டாட் போட்டதும் வண்டி பழையபடி ஆனது.

இரண்டாவது புகார் ஆயில். இந்த எஞ்சின் கொள்வது ஏறக்குறைய மூன்று லிட்டர்தான். பெரிய எஞ்சினில் அரை லிட்டர் குறைந்தால் தெரியாது. இதில் அது ஆறில் ஒரு பங்கு. டேப்பட் கவர் ஓரத்தில் கசிவு வருவது சகஜம். வயதானால் வால்வு சீல் தேய்ந்து, காலையில் ஸ்டார்ட் செய்ததும் நீலப் புகை வரும். இரண்டும் சின்ன வேலை. டிப்ஸ்டிக்கை எடுத்தே பார்க்காதவர்களுக்குத்தான் அது பெரிய வேலையாகும்.

மூன்றாவது நடுக்கம். மூன்று சிலிண்டர் என்பதால் 240 டிகிரிக்கு ஒருமுறை ஒரு வெடிப்பு; வரிசை 1-3-2. ஐடிலிங்கில் வண்டி லேசாக ஆடுவது இதன் பிறவிக் குணம். அந்த ஆட்டத்தைத் தாங்கும் ரப்பர் மவுண்டிங் தேய்ந்தால் ஸ்டியரிங்கும் சேர்ந்து நடுங்கும். ரப்பரை மாற்றாமல் எஞ்சினைப் பிரித்தவர்கள் உண்டு. கார்ப்பரேட்டரில் குப்பை சேர்ந்தாலும், மழையில் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஈரம் போனாலும் இதே ஆட்டம் வரும்.

நான்காவது டைமிங் பெல்ட். ரப்பர் ஆயிற்றே, ஓடினாலும் வயதாகும், நின்றாலும் வயதாகும். அறுந்தால் அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும். அறுவதற்கு முன் சத்தம் போடாது. "ஓடிக்கொண்டிருப்பதை ஏன் தொடணும்" என்ற நம் பழமொழி இந்த ஒரு பாகத்துக்கு மட்டும் பொருந்தாது.

ஓட்டுவதிலும் பழைய பழக்கம் வந்தது. அம்பாசடரை டாப் கியரில் மெதுவாக உருட்டலாம். இதன் இழுவிசை வெறும் 59 நியூட்டன் மீட்டர். அதுவும் 2,500 சுற்றில்தான் முழுசாக வரும். ஆறு பேரை ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலையில் கியரை இறக்காமல் மிதித்தால், அது திணறத்தான் செய்யும்.

சுசுகியின் பங்குக்கும் நியாயமாகச் சொல்ல வேண்டும். இதில் குறை இல்லாமல் இல்லை. சூடு அதிகமானால் தாங்கும் இடைவெளி குறைவு. அது வடிவமைப்பின் விலை. எடையைக் குறைத்து, பெட்ரோலை மிச்சம் பிடித்து, ஆசிரியர் சம்பளக்காரனும் ஆசைப்படும் விலைக்குக் கொண்டுவந்ததற்குக் கொடுத்த விலை அது. பதிலுக்கு அது கேட்டது ஒழுங்கான பராமரிப்பு மட்டுமே.

பிற்காலத்தில் கார்ப்பரேட்டர் போய் எம்.பி.எஃப்.ஐ. வந்தது, சோக் இழுக்கும் வேலை ஒழிந்தது. 2010 ஏப்ரலில் புதிய புகை விதிகள் வந்தபோது சென்னை உட்பட 13 நகரங்களில் 800 விற்பனை நின்றது. 2014 ஜனவரியில் உற்பத்தியே நின்றது. அதற்குள் 25 லட்சத்துக்கும் மேல் செய்து முடித்திருந்தார்கள். எஞ்சினே வீக் என்றால் இத்தனை வீடுகளில் இத்தனை காலம் ஓடியிருக்குமா?

ஆகவே, ஷெட்டில் வண்டி வைத்திருக்கும் பிள்ளைகளே, எடைக்குப் போடும் முன் நான்கு விஷயம் பாருங்கள். ஆயில் பால் நிறத்தில் இருக்கிறதா? விசிறி தானாக ஓடுகிறதா? தெர்மோஸ்டாட் இருக்கிறதா? பெல்ட் எப்போது மாற்றியது? அடிச்சட்டம் துருப்பிடித்து ஓட்டை விழுந்திருந்தாலோ, ஆர்.சி. புதுப்பிக்க வழியில்லை என்றாலோ கொடுத்துவிடுங்கள், அதில் தவறில்லை. எஞ்சின் வீக் என்று யாரோ சொன்னதற்காக மட்டும் கொடுக்காதீர்கள்.

உங்கள் வீட்டு 800 எந்த வருடத்து வண்டி, எவ்வளவு ஓடியது, என்ன தொந்தரவு கொடுத்தது என்று கமெண்டில் எழுதுங்கள். பட்டறை வைத்திருக்கும் மாணவர்கள் இருவர் இந்தப் பதிவைப் படிப்பார்கள் என்று தெரியும். நான் விட்டதை அவர்கள் சேர்க்கட்டும். அனைவரும் நலமாக இருங்கள்.