இணையவழிக் கல்வியும் நம் பொறியியல் மாணவரும்

தாமிரபரணியோடு சிற்றாறு வந்து கலக்கும் ஊர் நம் சீவலப்பேரி. ஆறு பெருகி ஓடினாலும் வாய்க்கால் உள்ள வயலுக்கே நீர் பாயும், கல்வியும் அத்தகையதே. சங்கத்தின் வெள்ளி விழா காணும் இவ்வேளையில், புதிதாக வெட்டப்பட்டுள்ள ஒரு வாய்க்காலின் வரலாற்றை நம் இளைஞர்க்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

1794 இல் சென்னையில் தோன்றிய நில அளவைப் பள்ளியே பின்னர்க் கிண்டிப் பொறியியல் கல்லூரியாக வளர்ந்தது. ஒடுக்கப்பட்டோர்க்கென ஆல்காட் சென்னையில் இலவசப் பள்ளி தொடங்கியதோ அதற்கு நூறாண்டு கழித்து, 1894 இல்தான். அண்ணல் அம்பேத்கர் சிறுவராயிருந்தபோது, வீட்டிலிருந்து கொண்டுசென்ற சாக்குத் துணியில் வகுப்பில் தனியே அமர்ந்து படித்தார் என்பதை யாவரும் அறிவோம். ஐ.ஐ.டி.களில் நமக்கு இட ஒதுக்கீடு 1973 இல் வந்தது. நெல்லையில் அரசு பொறியியல் கல்லூரி 1981 இல் அமைந்தது. தமிழகத்தில் தொழிற்கல்வி நுழைவுத் தேர்வு 2007 முதல் நீங்கிற்று. அரசுப் பள்ளி மாணவர்க்கு 7.5 விழுக்காட்டு ஒதுக்கீடு 2021 இல் பொறியியற் படிப்புக்கும் கிடைத்தது.

கதவு திறந்தது, எனினும் உள்ளே மற்றொரு தடை இருந்தது. தமிழ் வழியில் பயின்ற மாணவன் ஆங்கில விரிவுரையைக் கேட்டுத் திகைக்கின்றான். புரியவில்லை என்று எழுந்து சொல்ல நாணுகின்றான். முதற்பருவத்தில் இரண்டு தாள்களில் தவறினால் மனம் தளர்கின்றான். ஆசிரியப் பணியில் இத்தகையோர் பலரை நாம் கண்டிருக்கின்றோம். அறிவுக்குறை அன்று, மீண்டும் ஒருமுறை கேட்க வாய்ப்பின்மையே காரணம்.

இக்குறையைத் தீர்க்க வல்லது இணையவழிக் கல்வி. 1975-76 இல் செயற்கைக்கோள் வழியாக 6 மாநிலங்களின் ஏறத்தாழ 2,400 சிற்றூர்களுக்குத் தொலைக்காட்சிக் கல்வி சென்றது. 1984 இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் உயர்கல்வி நிகழ்ச்சிகளைத் தொடங்கிற்று. 2003 இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் இணைந்து ‘என்.பி.டி.இ.எல்.’ திட்டத்தைத் தொடங்கின. பேராசிரியர்களின் பொறியியல் விரிவுரைகள் படமாக்கப்பெற்று யாவர்க்கும் இலவசமாயின. 2014 இல் சான்றிதழ்ப் படிப்புகள் வந்தன. 2017 இல் ‘ஸ்வயம்’ தளம் தொடங்கப்பெற்றது.

இதன் முறை கருதத்தக்கது. சேர்வதற்குக் கட்டணமில்லை, தேர்வுக்கு மட்டுமே உண்டு. பன்னிரண்டு வாரப் படிப்பாயின் வாரந்தோறும் ஒப்படைப்பு உண்டு. அதற்கு 25 மதிப்பெண். தேர்வு மையத்துக்கு நேரிற் சென்று எழுதும் தேர்வுக்கு 75. வெறுமனே காணொளி பார்ப்பவன் சில நாளில் சோர்வான்; வாரந்தோறும் கணக்கு முடிப்பவனே ஈடுபாட்டோடு நிலைப்பான். ஈடுபாடு என்பது கருவியால் வருவதன்று, ஒழுங்கால் வருவது. விரிவுரையை நிறுத்தலாம், பத்து முறையும் திருப்பிக் கேட்கலாம், எள்ளி நகையாடுவார் எவருமில்லை. அங்கே முன்வரிசையும் இல்லை, தனித்து வைக்கும் சாக்குத் துணியும் இல்லை.

ஆயினும் குறைகளை மறைத்தல் கூடாது. 2020 இல் கொரோனாவால் கல்லூரிகள் மூடப்பட்டபோது, ஒரே கைப்பேசியை அண்ணனும் தங்கையும் பங்கிட்ட வீடுகள் நம் தெருவில் இருந்தன. தந்தை வேலைக்கு எடுத்துச் சென்றால் அன்று வகுப்பில்லை. பழைய தீண்டாமை வாயிலில் நிறுத்திற்று. புதிய வறுமை திரைக்கு வெளியே நிறுத்திற்று. ஆய்வுக்கூடப் பயிற்சியையும் திரை ஈடு செய்யாது.

ஆகவே ஒன்று வேண்டுகின்றோம். நம் சங்கக் கட்டடத்தில் மாலைதோறும் ஓர் அறை திறந்திருக்கட்டும். இரண்டு கணினியும் இணைய இணைப்பும் அமையட்டும். ஒரே பாடம் பயில்வோர் ஐவர் கூடியமர்ந்து கேட்கட்டும். படித்து முடித்த மூத்தவர் வாரம் ஒருநாள் வந்து ஐயம் தீர்க்கட்டும். பெண்மக்கள் அச்சமின்றி வந்து செல்ல வழி செய்யப்படட்டும்.

இளைஞர்களே! நம் பாட்டனார் நின்று கேட்கவும் இயலாத பாடம் இன்று உங்கள் கைக்கு வந்துள்ளது. அதனை விளையாட்டுப் பொருளாக்கி இழந்துவிடாதீர். வாய்க்கால் வந்துவிட்டது, மடையைத் திறப்பது நம் கடமை.