வெட்டியும் திரும்பி வந்த கட்டி



தம்பியின் தோள் கட்டியைப் பற்றிப் பலர் விசாரித்தீர்கள். முதலில் கொழுப்புக் கட்டி என்று சொல்லி வெட்டி எடுத்தார்கள். அதைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வருடத்தில் அதே தழும்பில் மறுபடி தலைகாட்டியது. இம்முறை பயாப்சியில் பெயர் தெரிந்தது: டெர்மடோஃபைப்ரோசார்கோமா புரோட்யூபரன்ஸ். தோலில் வரும் அரிய புற்றுநோய். வரலாற்று வாத்தியாருக்குச் சும்மா இருக்க முடியுமா? தேடிப் படித்தேன்.

1924-ல் டாரியே, ஃபெராண்ட் என்ற பிரெஞ்சு மருத்துவர்கள் இதை விவரித்தார்கள். அவர்கள் இட்ட பெயரிலேயே 'திரும்பவும் வருவது' என்ற பொருள் இருந்தது. மறு ஆண்டு ஜெர்மனியின் ஹாஃப்மன் இன்றைய பெயரை வைத்தார்.

ஏன் திரும்புகிறது? கோரைப்புல்லை நினைத்துக்கொள்ளுங்கள். மேலே அறுத்தால் போதுமா? கீழே கிழங்கு ஓடியிருக்கும். இந்தக் கட்டியும் அப்படித்தான். வேறு உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. ஆனால் தோலுக்கடியில் விரல் விரலாக ஓடும். மிச்சம் வைத்தால் அங்கேயே முளைக்கும். அதனால்தான் சுற்றிலும் 2, 3 செ.மீ. நல்ல தோலையும் சேர்த்து வெட்டுவார்கள்.

வேரை விடாமல் தேட வழி கண்டவர் அமெரிக்காவின் விஸ்கான்சினைச் சேர்ந்த ஃபிரடெரிக் மோஸ் (1910–2002). துத்தநாக குளோரைடு பட்ட திசு இருந்த இடத்திலேயே கெட்டிப்படுவதை மாணவப் பருவத்து ஆய்வில் கவனித்தார். அதைப் பசையாக்கித் தோல் புற்றுநோயின் மேல் பூசி, ஒரு அடுக்கை எடுத்து, அடிப்பக்கமும் ஓரங்களும் முழுவதையும் நுண்ணோக்கியில் பார்த்து வரைபடம் போட்டார். எங்கே மிச்சமோ அங்கே மட்டும் மறுபடி எடுத்தார். 1941-ல் இதை வெளியிட்டார். பசை வலித்தது, நாட்களும் ஆயின. 1970-களில் பசை போய், எடுத்த திசுவை உறையவைத்து அன்றே பார்க்கும் முறை பரவியது. தம்பிக்கு வந்த கட்டிக்கும் இம்முறை நன்றாகப் பொருந்தியது. அறுக்க முடியாத கட்டிகளுக்கு, ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிப் மாத்திரையை 2006-ல் அமெரிக்கா அனுமதித்தது.

தம்பிக்கு இரண்டாம் அறுவை முடிந்தது. ஓரங்களில் மிச்சமில்லை என்று அறிக்கை. இருந்தாலும் பல வருடம் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

"கேள்வி கேளுங்கள்" என்று வகுப்பில் உங்களிடம் ஓயாமல் சொன்னவன், அன்று ஒரு கேள்வி கேட்காமல் வந்துவிட்டேன். நீங்கள் கேளுங்கள்: எடுத்த கட்டி பரிசோதனைக்குப் போகிறதா? ஓரங்கள் சுத்தமா? அறிக்கையைப் பத்திரமாக வையுங்கள்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்