இன வசைச்சொற்களின் கடுமை

பிறப்பு, நிறம், மொழி ஆகியவற்றைச் சுட்டி ஒரு மக்களை இழிவுபடுத்தும் சொல் இன வசைச்சொல். இவை எல்லாம் ஒரே அளவில் புண்படுத்துவதில்லை. ஒரு வசையின் கடுமையை அதன் அகராதிப் பொருளைவிட, அதைச் சொன்னவர் கையிலிருந்த அதிகாரமே பெரிதும் முடிவுசெய்கிறது. தென்னாப்பிரிக்க வரலாறு இதைத் தெளிவாகக் காட்டும்.

அங்கே டச்சு வழிவந்த குடியேறிகளான போயர்கள் ஆங்கிலேயரை ‘ரோயிநெக்’, அதாவது சிவந்த கழுத்துக்காரர் என்று ஏளனம் செய்தனர். அந்தப் பெயரால் எந்த ஆங்கிலேயரும் நிலத்தை இழக்கவில்லை. அதனால் அது சீண்டல் என்ற அளவில் நின்றுவிட்டது.

‘காஃபிர்’ அப்படியன்று. இறைமறுப்பாளரைக் குறித்த இந்த அரபுச் சொல், ஐரோப்பியர் வாயில் ஆப்பிரிக்கரைச் சுட்டும் பெயராயிற்று. கோசா என்னும் கறுப்பின மக்களின் நிலத்தைப் பறித்த போர்களையே ‘காஃபிர் போர்கள்’ என்று எழுதிவைத்தனர். கறுப்பினத்தவரின் நில உரிமையைக் கட்டுப்படுத்திய 1913 நிலச்சட்டம், நடமாட்டத்தை முடக்கிய அனுமதிச்சீட்டு முறை, 1948 முதல் நிறவெறி ஆட்சி என ஒவ்வோர் ஒடுக்குமுறையின்போதும் கறுப்பின மக்கள் கேட்ட சொல் இதுதான். சொன்னவரால் அவர்களைக் கைதுசெய்யவும் ஊரைவிட்டு அகற்றவும் முடிந்தது. இன்றும் அந்த நாட்டில் இதை அச்சிடவே தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் நியாயமானது. வருவாய்த்துறை அலுவலர் ஒருவர் தம் மேலதிகாரியை இச்சொல்லால் இழிவுபடுத்திய வழக்கில், அவரை மீண்டும் பணியமர்த்த முடியாது என்று அரசமைப்பு நீதிமன்றம் 2016இல் தீர்ப்பளித்தது. காவலர் உள்ளிட்டோரை இச்சொல்லால் பலமுறை ஏசிய வெள்ளையினப் பெண் ஒருவருக்கு 2018இல் சிறைத்தண்டனையே கிடைத்தது.

அதே சொல் இலங்கையில் வேறு வாழ்வு வாழ்கிறது. போர்த்துக்கீசியர் காலம் முதல் அங்கே கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் புத்தளம் பகுதியில் காப்பிரியர் என்றே அறியப்படுகின்றனர். தாங்களும் அப்பெயரை ஏற்கின்றனர்.

தமிழருக்கு நெருங்கிய சான்று ‘கூலி’. 1860 முதல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தத் தொழிலாளராகச் சென்ற தமிழரும் பிற இந்தியரும் அங்கே இப்பெயரால் இழிவுபடுத்தப்பட்டனர். வணிகரும் வழக்கறிஞரும் அதிலிருந்து தப்பவில்லை; காந்தியை ‘கூலி பாரிஸ்டர்’ என்றனர். தமிழில் உழைப்புக்கான ஊதியத்தைக் குறிக்கும் இச்சொல், நேட்டாலின் டர்பன் நகரில் ஓர் இந்தியரைப் பார்த்துச் சொன்னால் இன்றும் வசையே.