குறுங்குழல் கைத்துப்பாக்கி: பாதுகாப்பு, நம்பகம், பராமரிப்பு – மில்லிக்கன் வீடுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

1. பொருளும் எல்லையும்

சட்டைப்பைக்குள் அடங்கிவிடும் கைத்துப்பாக்கி தமிழில் பெரும்பாலும் கொலைச் செய்திகளிலும் போர் நினைவுகளிலும்தான் வருகிறது. அது எப்படி இயங்குகிறது, எங்கே பிசகுகிறது, வீட்டில் ஒன்று இருந்தால் என்ன செய்யவேண்டும் என்பவற்றை யாரும் ஆறுதலாக எழுதுவது அரிது. கனடாவில், ஸ்டீல்ஸ் அவெனியூவின் இருபுறமும் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலுமாகப் பரந்திருக்கும் மில்லிக்கனில் இது வெறும் ஏட்டுக் கேள்வியாக இல்லை. வீடுபுகுந்த கொள்ளையோ கார்த் திருட்டோ செய்தியில் வந்த கிழமையில், பிறந்தநாள் விருந்தொன்றில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: “ரெக்ஸாஸில எங்கட மச்சான் பொக்கற்றுக்குள்ள வைச்சுக்கொண்டுதான் திரியிறான். இஞ்ச மட்டும் ஏன் ஏலாது?”

கேட்பவரின் பயம் உண்மையானது. அதைத் தட்டிக்கழிக்காமல் பதில் சொல்லவேண்டும் என்பதற்காகவே இக்கட்டுரை. சிறிய துப்பாக்கியின் கோளாறுகளில் பெரும்பாலானவை அதன் சிறுமையிலிருந்தே பிறக்கின்றன. கனடியச் சட்டம் கோடு கிழித்திருப்பதும் அந்தச் சிறுமையை அளந்துதான். ஆகவே மில்லிக்கனில் இத்தகைய துப்பாக்கியைப் பராமரிப்பது என்பது, எண்ணெய் போடுவதற்கு முன்னால், அதைக் காவலில் வைப்பதும் முறையாகக் கைவிடுவதுமாகும்.

2. சட்டம் அளக்கும் நீளம்

குழலின் நீளம் 105 மில்லிமீட்டரோ அதற்குக் குறைவோ ஆன கைத்துப்பாக்கி, கனடியக் குற்றவியல் கோவையின் 84ஆம் பிரிவுப்படி தடைசெய்யப்பட்ட ஆயுதம். குழல் எவ்வளவு நீளமானாலும் .25, .32 அளவு ரவைகளைச் சுடும் கைத்துப்பாக்கிகளும் அதே வகைக்குள் வரும். சர்வதேசப் போட்டிகளுக்கான சில மாதிரிகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. 1931இல் ஜெர்மனியில் வெளிவந்த வால்தர் பிபிகே துப்பாக்கியின் குழல் 83 மில்லிமீட்டர். அதன் வழக்கமான ரவை .32. அதாவது இரண்டு காரணங்களாலும் தடை. அமெரிக்காவில் இன்று அதிகம் விற்கும் பைத் துப்பாக்கிகளில் ஒன்றான ரூகர் எல்சிபியின் குழல் ஏறத்தாழ 70 மில்லிமீட்டர்தான்.

1995இல் நிறைவேறி 1998 டிசம்பர் 1இல் நடைமுறைக்கு வந்த துப்பாக்கிச் சட்டம், அதற்கு முன்பே இவற்றைப் பதிவு செய்து வைத்திருந்தவர்களைத் தனிவகுப்பாக விட்டுவைத்தது. அவர்கள் வைத்திருக்கலாம்; புதிதாக எவரும் அந்த வகுப்புக்குள் வரமுடியாது. 1946க்கு முன் செய்யப்பட்ட துப்பாக்கியாக இருந்தால் மனைவி, கணவர், பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறப்பு ஆகியோர் வாரிசாகப் பெற ஒரு சிறு வழி இருந்தது. 2022 அக்டோபர் 21இல் கைத்துப்பாக்கிகளை வாங்குவதும் விற்பதும் கைமாற்றுவதும் முடக்கப்பட்டன. 2023 டிசம்பர் 15இல் சி-21 மசோதா அதைச் சட்டமாக்கியது. வாரிசு வழியும் தனியாட்களைப் பொறுத்தவரை ஏறக்குறைய அடைபட்டுவிட்டது.

இனி, மறைத்துக் கொண்டுதிரிவது. இதற்குத் தனி அனுமதிப்பத்திரம் ஒன்று சட்டத்தில் இருக்கிறது. பணம் ஏற்றும் கவசவண்டிக் காவலர்களுக்கும், உயிருக்கு உடனடி ஆபத்து இருந்து பொலிஸ் பாதுகாப்பு போதாது என்று நிறுவக்கூடிய மிகச் சிலருக்கும் அது கிடைக்கிறது. கடைக் கல்லாவில் காசு இருக்கிறது, இரவில் தனியாகப் பூட்டவேண்டியிருக்கிறது என்பது அதற்குப் போதாது. பத்திரமில்லாமல் மறைத்துவைத்திருந்தால் ஐந்து ஆண்டுவரையும், ரவை ஏற்றிய தடைசெய்யப்பட்ட துப்பாக்கியை வைத்திருந்தால் பதினான்கு ஆண்டுவரையும் சிறை. இவற்றில் பின்னைய குற்றத்துக்கு இருந்த குறைந்தபட்சத் தண்டனையை 2015 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் நீக்கியதைச் சிலர் ‘சட்டம் இளகிவிட்டது’ என்று விளங்கிக்கொண்டார்கள். அது பிழை. குற்றம் அப்படியே இருக்கிறது; மேலெல்லையோ சி-21ஆல் பத்திலிருந்து பதினான்கு ஆண்டாக உயர்ந்திருக்கிறது.

இந்தியாவில் நிலைமை நேர்மாறு. இராணுவமும் பொலிசும் பயன்படுத்தும் 9 மில்லிமீட்டர் போன்ற அளவுகள் அங்கே பொதுமக்களுக்குத் தடை என்பதால், உரிமம் பெற்றவர்களின் கையில் .32தான் பரவலாக இருக்கிறது. கான்பூர் படைக்கலத் தொழிற்சாலை 2014 ஜனவரியில் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்திய ‘நிர்பீக்’ ரிவால்வரும் .32, எடை அரைக் கிலோ. விலை ஒரு லட்சத்து இருபதாயிரம் ரூபாயைத் தாண்டியதால் அது யாருக்குக் காவலாகும் என்ற கேள்வி அப்போதே எழுந்தது. சென்னையில் உரிமத்தோடு வைத்திருக்கக்கூடிய அதே பொருள் மில்லிக்கனில் தடைப்பொருள். ஊரிலிருந்து வரும் உறவினருக்கும் அமெரிக்க எல்லையைக் கடந்து காரில் வரும் மச்சானுக்கும் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நம் கடமை. மச்சானின் ரெக்ஸாஸ் உரிமம் கனடிய எல்லைக்குள் செல்லாது. துப்பாக்கிக் கடத்தலுக்கான உச்சத் தண்டனையைச் சி-21 பதினான்கு ஆண்டாக உயர்த்தியிருக்கிறது.

3. பாதுகாப்பு

3.1 விழுந்தால் வெடிப்பது

ஜான் பிரௌனிங் வடிவமைத்து பெல்ஜியத்தின் எஃப்என் நிறுவனம் செய்த சிறு துப்பாக்கிகளே இந்த வகையின் மூதாதைகள். 1911 ஜூன் 17 அன்று மணியாச்சிச் சந்திப்பில் வாஞ்சிநாதன் கலெக்டர் ஆஷைச் சுட்டதும் ஒரு பிரௌனிங் பிஸ்டலால்தான். இவற்றில் மிகச் சிறியவற்றில் வெளியே தெரியும் சுத்தி கிடையாது. ரவை அறைக்குள் ஏறியதும் உள்ளிருக்கும் ஊசி முழு இறுக்கத்தோடு, ஒரு சிறு உலோகக் கொளுவியில் தொங்கிக்கொண்டிருக்கும். நூறாண்டுத் தேய்மானத்தில் அந்தக் கொளுவியின் விளிம்பு மழுங்கியிருந்தால், சீமெந்துத் தரையில் ஒருமுறை விழுவது போதும். கைப்பிடி சேஃப்டி, மகசின் சேஃப்டி, விரலால் தள்ளும் சேஃப்டி என்று மூன்று தடைகளோடு வந்த எஃப்என் 1910 மாதிரியில்கூட, அவை நம்பத்தக்கவை என்பது தேயாத பாகங்களைப் பொறுத்தது.

பழையவை மட்டும்தான் இப்படி என்று நினைக்கவேண்டாம். ரூகர் நிறுவனம் எல்சிபியை 2008இல் வெளியிட்டு, அதே ஆண்டு அக்டோபரில் திரும்ப அழைத்தது. அறையில் ரவையோடு கீழே விழுந்தால் வெடிக்கக்கூடும் என்பதே காரணம். 2009 பிப்ரவரியில் ஸ்மித் அண்ட் வெஸன், தான் அமெரிக்காவில் செய்த பிபிகே துப்பாக்கிகளைத் திரும்பப் பெற்றது. சுத்தியை இறக்கும்போது விசையைத் தொடாமலே வெடிக்கும் வாய்ப்பு அவற்றில் இருந்தது. பேர்பெற்ற நிறுவனங்களின் புதிய துப்பாக்கிகளுக்கே இந்த நிலை. இடமில்லாத சட்டகத்துக்குள் சுத்தியையும் தடுப்பானையும் வில்லையும் நெருக்கி அடைக்கும்போது, ஒவ்வொரு பாகத்தின் பிழை இடைவெளியும் சுருங்கிவிடுகிறது.

3.2 வெறுமையாக்கும்போது வெடிப்பது

இந்தப் பொருளைப் பற்றி நான் படித்தவற்றில் என்னை மிக உலுக்கியது கலிபோர்னியாவில் 1994இல் நடந்தது. பிரைக்கோ என்ற நிறுவனத்தின் மலிவான சிறு பிஸ்டலில், சேஃப்டியை விலக்கினால்தான் ஸ்லைடைப் பின்னால் இழுத்து ரவையை வெளியே எடுக்கமுடியும். அதாவது துப்பாக்கியை வெறுமையாக்க விரும்புபவர் முதலில் அதைச் சுடத் தயாராக்கவேண்டும். வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்த இளைஞர் ரவையை அகற்றத்தான் முயன்றார். விரல் விசையில் பட்டது. ஏழு வயதுச் சிறுவன் கழுத்துக்குக் கீழ் செயலிழந்தான். 2003இல் ஓக்லண்டில் ஜூரி தீர்ப்பளித்தபோது, நிறுவனத் தரப்பின் பங்காக ஏறத்தாழ 24 மில்லியன் டொலர் விழுந்தது. நிறுவனம் உடனே திவால் மனுப் போட்டது. ரவை சிக்கும் கோளாற்றை மறைக்கவே சேஃப்டியை அப்படி மாற்றியிருந்தார்கள் என்பது அந்த வழக்கில் வெளிவந்தது. நம்பகக் குறையை மூடப்போய்ப் பாதுகாப்பைப் பலிகொடுத்தார்கள்.

சிறு துப்பாக்கியில் ஸ்லைடு குட்டை, வில் கடினம். இழுக்கும் கை வழுக்கினால் விரல்கள் குழலின் வாய்க்கு முன்னே வந்துவிடும். முதியவர்களும் கைவலு குறைந்தவர்களும் இதனாலேயே அதை வெறுமையாக்காமல் ஏற்றியபடியே வைத்துவிடுகிறார்கள்.

கனடாவின் கட்டாயப் பயிற்சி வகுப்பில் சொல்லித்தரும் ஒழுங்கு இது: எந்தத் துப்பாக்கியும் ரவை ஏற்றியதே என்று கொள், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்திரு, விரலை விசைக்கு வெளியே வை, பிறகுதான் வெறுமையாக்கு. இதில் வரிசைதான் உயிர். முதலில் மகசினை உருவவேண்டும், பிறகு ஸ்லைடை இழுத்து அறையிலுள்ள ரவையை வெளியேற்றவேண்டும். வரிசை மாறினால், வெளியேறிய ரவையின் இடத்துக்கு மகசினிலிருந்து அடுத்தது ஏறிவிடும்; மகசினை உருவியவர் கையில் இருப்பது வெறுந்துப்பாக்கி என்று நம்புவார். கண்ணால் பார்த்து, சுண்டுவிரல் நுனியால் அறையைத் தடவி, குழல் வழியே வெளிச்சம் தெரிகிறதா என்று நோக்கியபின்தான் ‘வெறுமை’ என்று சொல்லலாம்.

4. நம்பகம்

பழைய பைத் துப்பாக்கிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பூட்டும் பொறி இல்லை. ஸ்லைடின் எடையும் வில்லின் இறுக்கமும் சேர்ந்து வெடிப்பைத் தாங்கி, வெற்றுக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்த ரவையை ஏற்றவேண்டும். இதற்கான ஓட்டம் சில சென்டிமீட்டர்தான். பிடித்த மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுதாகப் பின்வராது. வெற்றுக்கூடு வாயிலில் நிமிர்ந்து நின்றுவிடும். பயந்த நிலையில் மணிக்கட்டு தளர்வதே இயல்பு. தற்காப்புக்கு வாங்கியது தற்காப்பு வேண்டிய கணத்தில் நின்றுபோவதற்கு முதற்காரணம் இதுதான்.

.32 ரவைக்குத் தனிப் பிணி ஒன்று உண்டு. அதன் அடிவிளிம்பு சற்றே புடைத்தது. மகசினுக்குள் மேல் ரவையின் விளிம்பு கீழ் ரவையின் விளிம்புக்குப் பின்னால் போய்விட்டால் இரண்டும் கொளுவிக்கொள்ளும், அசைத்தாலும் வராது.

ரவையின் வயது பற்றித் தமிழர் எல்லோருக்கும் தெரிந்த ஒரு நிகழ்வு இருக்கிறது. 1967 ஜனவரி 12 அன்று இராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர்.ராதா எம்.ஜி.ஆரைச் சுட்டுத் தன்னையும் சுட்டுக்கொண்டார். அவ்வளவு அருகிலிருந்து சுட்டும் இருவரும் பிழைத்தார்கள். ஆண்டுக்கணக்காகக் கிடந்த ரவைகள் வலுவிழந்திருந்ததே காரணம் என்று பின்னர் விளக்கப்பட்டது. இதை அதிர்ஷ்டம் என்று மட்டும் பார்க்கக்கூடாது. பழைய ரவை வெடிக்காமல் போகலாம், அரைகுறையாக வெடித்துக் குண்டைக் குழலுக்குள்ளேயே சிக்கவைக்கலாம், விசையை இழுத்துச் சற்றுத் தாமதித்தும் வெடிக்கலாம். குண்டு சிக்கிய குழலில் அடுத்ததைச் சுட்டால் துப்பாக்கி கையிலேயே பிளக்கும்.

5. பராமரிப்பு

பையில் கிடக்கும் துப்பாக்கிக்குப் பகை இரண்டு: வியர்வை, பஞ்சுத்தூசு. உப்பு கலந்த வியர்வை நீலப்பூச்சு போட்ட எஃகில் சில நாட்களிலேயே துருப்புள்ளி வைக்கும். துணியிலிருந்து உதிரும் பஞ்சு, எண்ணெயோடு சேர்ந்து ஊசியின் பாதையில் களிம்பாகப் படியும்; மில்லிக்கனின் ஜனவரிக் குளிரில் அந்தக் களிம்பு இறுகினால் ஊசி மெதுவாக அடிக்கும். ஆகவே எண்ணெய் குறைவாகப் போடுவதே முறை. ரவைக்கு எண்ணெய் அறவே ஆகாது: அடியிலுள்ள பற்றவைப்பானுக்குள் ஊடுருவினால் ரவை செத்துவிடும்.

வில்லை அடிக்கடி மாற்றவேண்டும், ஏனென்றால் குட்டைத் துப்பாக்கியில் அது ஒவ்வொரு முறையும் தன் எல்லைவரை அழுத்தப்படுகிறது. ஒரே ரவையைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்குவதும் கூடாது. குண்டு கூட்டுக்குள் சிறிது சிறிதாக உள்வாங்கி, வெடிக்கும்போது அழுத்தம் ஏறிவிடும்.

கனடாவில் இதற்கெல்லாம் மேல் வருவது பூட்டு. தடைசெய்யப்பட்ட கைத்துப்பாக்கி ரவையில்லாமல், விசைப்பூட்டுப் போட்டு, எளிதில் உடைக்கமுடியாத பெட்டியிலும் பூட்டப்பட்டிருக்கவேண்டும். அல்லது அதற்கென்றே செய்த இரும்புப் பெட்டகத்தில் இருக்கவேண்டும். ரவை வேறிடத்தில், அல்லது பூட்டிய பெட்டியில். கொண்டுபோகும்போது உள்ளே தெரியாத, பூட்டிய பெட்டியும் தனி அனுமதியும் தேவை. அலுமாரியின் மேல்தட்டில் சேலைகளுக்கு அடியில் வைப்பது காவல் அன்று, குற்றம். அந்த வீட்டில் மனம் சோர்ந்த ஓர் இளைஞரோ தனித்துப்போன ஒரு முதியவரோ இருந்தால், பூட்டின் பெறுமதி இன்னும் பல மடங்கு.

6. காவலா, கேடா

1993இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஆர்தர் கெல்லர்மன் குழுவினர் வெளியிட்ட ஆய்வு, வீட்டில் துப்பாக்கி இருப்பது அந்த வீட்டில் கொலை நடக்கும் வாய்ப்பு 2.7 மடங்காக இருப்பதோடு தொடர்புடையது என்றது. அதன் முறையைப் பற்றி நீண்ட விவாதங்கள் நடந்திருக்கின்றன. நான் அந்த எண்ணைக் கடைசிச் சொல்லாகக் கொள்ளவில்லை. ஆனால் மேலே சொன்ன பொறிக்குறைகளோடு சேர்த்துப் பார்க்கும்போது அது காட்டும் திசை எனக்கு நம்பத்தக்கதாகவே தெரிகிறது. 1990களின் பிற்பகுதியில் ஸ்காபரோத் தமிழ் இளைஞர் கும்பல்களின் மோதலில் எத்தனை வீடுகள் பிள்ளைகளை இழந்தன என்பதை நேரில் கண்ட தலைமுறை இன்னும் நம்மோடு இருக்கிறது. அன்று பையில் மறைத்துக் கொண்டுதிரிந்தவர்களில் பலர் சொன்ன காரணமும் தற்காப்புத்தான்.

7. வீட்டில் ஒன்று கிடைத்தால்

நடைமுறையில் மில்லிக்கன் குடும்பம் ஒன்று இத்தகைய துப்பாக்கியைச் சந்திக்கக்கூடியது இரண்டு வகையில்: பழைய வீட்டை வாங்கிக் கீழ்த்தளத்தைத் திருத்தும்போது கிடைப்பது, உரிமையாளர் ஒருவர் இறந்தபின் அவர் உடைமைகளுக்குள் இருப்பது. இரண்டிலும் அதைத் தொடாமல் விடுவதே முதல் வேலை. பிள்ளைகளை அந்த அறையிலிருந்து விலக்கிவிட்டுப் பொலிசின் அவசரமல்லாத இலக்கத்தை அழைக்கவேண்டும்: ஸ்டீல்ஸுக்குத் தெற்கே ரொறன்ரோ பொலிஸ், வடக்கே யோர்க் பிராந்தியப் பொலிஸ். காரில் வைத்து நிலையத்துக்கு எடுத்துப்போகக் கூடாது. அந்தப் பயணமே அனுமதியில்லாத பயணம். 2019 ஏப்ரல் 26 முதல் மே 17 வரை ரொறன்ரோ பொலிஸ் கைத்துப்பாக்கி ஒன்றுக்கு 350 டொலர் கொடுத்துத் திரும்பப் பெற்றபோதும், கொண்டுவரவேண்டாம், நாங்களே வீட்டுக்கு வருகிறோம் என்றுதான் அறிவித்தார்கள்.

இறந்தவரின் பெயரில் பதிவு இருந்தால், உயிலை நிறைவேற்றுபவர் துப்பாக்கிப் பதிவாளருக்கு அறிவிக்கவேண்டும். தற்செயலாக உரிமை வந்துசேர்ந்தவருக்குச் சட்டம் நியாயமான கால அவகாசம் தருகிறது. அதற்குள் பொலிசிடம் ஒப்படைக்கலாம், உரிமம் பெற்ற வணிக நிறுவனத்துக்கோ அருங்காட்சியகத்துக்கோ கொடுக்கலாம், அல்லது துப்பாக்கித் திருத்துநரைக் கொண்டு நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்து அதைப் பதிவேட்டில் உறுதிப்படுத்தலாம். கடைசி வழியில் குழலும் அறையும் உலோகத்தால் அடைத்து ஒட்டப்படுகின்றன. தாத்தாவின் நினைவாக வைத்திருக்க விரும்பும் குடும்பங்களுக்கு அதுவே ஏற்றது. அப்படிச் செயலிழந்தபின் சட்டத்தின் கண்ணில் அது துப்பாக்கியாக எண்ணப்படுவதில்லை, பதிவும் நீக்கப்படுகிறது.