ஜூரோங்குக்குப் போக அமெரிக்காவைச் சுற்றணுமா?



புக்கிட் பாத்தோக் பெருவிரைவு ரயில் நிலையத்தில் ஏறினால் அடுத்த நிலையமே ஜூரோங் ஈஸ்ட். அங்கே போக அமெரிக்கா வரை போய்த் திரும்பினேன் என்று யாராவது சொன்னால் நம் மாணவர்கள் சிரிப்பாங்க, இல்லையா? ஆனால், 1990களில் ஆசியாவின் பல நாடுகளில் இணையத் தகவல் அப்படித்தான் பயணம் செய்தது.

இணையம் ஒரே வலை அல்ல. தனித்தனி வலையமைப்புகளின் கூட்டு. ஒரே ஊரில் இருக்கும் இரண்டு சேவை நிறுவனங்கள் நேரடியாக இணையாவிட்டால், இரண்டுக்கும் பொதுவான இணைப்பு எங்கே இருக்கிறதோ அங்கே போய்த்தான் தகவல் திரும்பும். அன்று அந்த இணைப்பு பெரும்பாலும் அமெரிக்காவில் இருந்தது. கண்ணாடி இழையில் ஒளி நொடிக்குச் சுமார் 200,000 கிலோமீட்டர் ஓடும். இங்கிருந்து அமெரிக்க மேற்குக் கரை ஏறத்தாழ 14,000 கிலோமீட்டர். போய்த் திரும்பவே 0.14 நொடி, பதிலும் அதே வழியில் வந்தால் இரட்டிப்பு. கடலடி வடத்துக்குக் கட்டணம் வேறு!

இதற்கான தீர்வு, போட்டி நிறுவனங்கள் பொது இடம் ஒன்றில் சந்திப்பதுதான். லண்டனில் 1994இல் சேவை நிறுவனங்களே கூடி ‘லிங்ஸ்’ பரிமாற்ற நிலையத்தைத் தொடங்கின. இந்தியாவில் 2003இல் ‘நிக்சி’ உருவானது. சென்னையும் அதன் தொடக்ககால நிலையங்களில் ஒன்று. சிங்கப்பூரில் 2010ஐ ஒட்டி, லாப நோக்கமற்ற பொது நிலையமாக ‘எஸ்ஜிஐஎக்ஸ்’ வந்தது. யாருக்கும் சார்பில்லாத இடம் என்பதால்தான் போட்டியாளர்களும் அங்கே தயங்காமல் இணைய முடிகிறது.

சரி, இதில் தமிழாசிரியருக்கு என்ன வேலை? பரிமாற்ற நிலையம் வழியைத்தான் சுருக்கும். நாம் தேடும் பக்கம் வெளிநாட்டுக் கணினியில் மட்டுமே இருந்தால், அதைக் கொண்டுவரக் கடல் தாண்டித்தான் ஆகணும். 1995 அக்டோபரில் நா. கோவிந்தசாமியும் சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழக நண்பர்களும் நம் கவிதைகளைத் தமிழில் இணையத்தில் ஏற்றினார்கள். அவரும் நம்மைப் போல ஆசிரியர்தான். தமிழுக்கு இணையத்தில் இடம் தேடிய அந்த வேலை இன்னும் முடியவில்லை. நாம் தயாரிக்கும் பயிற்சித்தாள்களும் ஒலிப்பதிவுகளும் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கிறோம்? 2020 ஏப்ரலில் எல்லாப் பள்ளிகளும் இல்லம் சார்ந்த கற்றலுக்கு மாறியபோது, அந்தக் கேள்வி வகுப்பறைக் கேள்வியாகவே ஆகிவிட்டது.

அடுத்த வகுப்பில் இதைச் செய்து பாருங்களேன். கணினியில் ‘டிரேஸ்ரூட்’ கட்டளை கொடுத்து, ஒரு தமிழ்த் தளத்துக்குப் போகும் வழியை மாணவர்களையே பார்க்கச் சொல்லுங்கள். பிறகு, “நம் தமிழ் எங்கே குடியிருக்கு?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். நல்லதொரு கட்டுரைத் தலைப்பும் கிடைத்துவிடும்.