இசைத்தட்டில் ஒரு பெயர்

கல்கத்தாவிலோ பம்பாயிலோ குடியேறி வாழும் நாம், அண்டை வீட்டிலிருந்து எழும் பழைய ஹிந்திப் பாட்டைக் கேளாத நாள் அரிது. அப்பாட்டு பெரும்பாலும் மூன்று, மூன்றரை நிமிஷத்தில் முடிந்துவிடுவது ஏன்? பாடுபவர் இன்னார் என்று நமக்குச் சொல்லும் வழக்கம் எங்ஙனம் வந்தது?

1902 நவம்பரில் கிராமபோன் கம்பெனியைச் சேர்ந்த பிரெட் கெய்ஸ்பெர்க் கல்கத்தாவில் ஒலிப்பதிவு செய்தார். அப்போது பாடியவர்களுள் பெரும்புகழ் பெற்றவர் கௌஹர் ஜான். சபையில் ஒரு ராகத்தை நெடுநேரம் விரித்துப் பாடிப் பழகிய அவர், ஒலியை வாங்கும் பெரிய கூம்பின் முன் நின்று, சுமார் மூன்று நிமிஷத்துக்குள் எல்லாவற்றையும் பாடி முடிக்க வேண்டியதாயிற்று. ஆலாபனை சுருங்கிற்று, பாட்டின் முதலடி விரைந்து வந்தது. இறுதியில் தம் பெயரை ஆங்கிலத்தில் உரக்க அறிவிப்பார். தட்டுகள் அக்காலத்தில் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் தயாராயின; யாருடைய குரல் என்று அங்குள்ளோர் அறிய அது உதவிற்று. எனினும் அக்குரலில் ஒலிக்கும் மிடுக்கைக் கேட்டால், வெறும் அடையாளத்துக்காகச் சொன்னதாக நமக்குத் தோன்றுவதில்லை. இவ்வம்மையார் மைசூர் அரண்மனையின் ஆதரவில் வாழ்ந்து, 1930-இல் அந்நகரிலேயே காலமானார் என்பதை மைசூர்வாழ் தமிழருள் எத்தனை பேர் அறிவர்!

பேசும்படம் வந்தபின்னும் தட்டின் அளவே பாட்டின் அளவாக நின்றது. 1931-இல் வெளியான ‘ஆலம் ஆரா’வில் ஏழு பாடல்கள். நடிப்பவரே பாடவும் வேண்டும் என்பது அன்றைய நியதி. 1935-இல் கல்கத்தா நியூ தியேட்டர்ஸார் எடுத்த ‘தூப் சாவோன்’ படத்தில் ராய்சந்த் போரால் பின்னணிக் குரலைப் புகுத்தினார். வாயசைப்பவர் ஒருவர், பாடுபவர் மற்றொருவர் என்றாயிற்று. குரல் விடுதலை பெற்றது, பெயரோ மறைந்தது.

1949-இல் ‘மஹல்’ படத்தில் கேம்சந்த் பிரகாஷின் இசையில் ஒரு பாட்டு நாடெங்கும் பரவியது. அதன் தட்டில் அச்சிட்டிருந்த பெயர் ‘காமினி’. அது மதுபாலா ஏற்ற பாத்திரத்தின் பெயர்! பாடியது யார் என்று வானொலி நேயர்கள் வினவலாயினர். லதா மங்கேஷ்கர் என்ற பெயர் அதன் பின்னரே ஒலிபரப்பில் கேட்டது. பாட்டெழுதிய கவிஞருக்கு அந்த இடமும் எளிதில் கிட்டவில்லை. சாஹிர் லுதியான்வி அதற்காக வாதாட வேண்டியிருந்தது.